தானிய ரயில் ஒப்பந்தம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அறுவடை நெருங்கும்போது இந்தக் கேள்விகள் கொத்தாக வந்து சேரும். பல கேள்விகள் ஒரே விஷயத்தைச் சுற்றி வருவதால் சிலவற்றைச் சுருக்கி, சிலவற்றைச் சேர்த்து எழுதுகிறேன். உதாரணங்களை ஆஸ்திரேலியா, கனடா, அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளிலிருந்து எடுக்கிறேன். தானியத்தை ஏற்ற ரயில் நிறுவனங்கள் முட்டிமோதுவதையும், சில நேரம் வேண்டாமென்று ஒதுங்கிப் போவதையும் அங்கேதான் தெளிவாகப் பார்க்க முடிகிறது.

கேள்வி: எங்கள் கூட்டுறவு அமைப்புக்கு மூன்று ரயில் நிறுவனங்கள் டெண்டர் போட்டிருக்கின்றன. டன்னுக்கு யார் குறைவாகக் கேட்கிறாரோ அவருக்கே கொடுத்துவிடலாமா?

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கும்வரை கொடுக்காதீர்கள். டன்னுக்கு எவ்வளவு என்பது முதல் பக்கத்திலேயே பெரிதாக இருக்கும். ஒரு ரேக் (சேர்ந்தே ஓடும் வேகன்களின் தொடர்) கிடங்கில் லோடு ஏற்றி, துறைமுகம் போய் இறக்கி, காலியாகத் திரும்பி மறுபடி அதே கிடங்கு வாசலில் வந்து நிற்க எத்தனை மணி நேரம் ஆகும் என்பது உள்ளே ஏதோ ஒரு இணைப்பில் கிடக்கும். நான் முதலில் புரட்டுவது அந்த இணைப்பைத்தான்.

ஒரு ரேக்கில் 40 வேகன், வேகனுக்கு 60 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நடைக்கு 2,400 டன். சுற்று நேரம் 48 மணி என்றால் 30 நாளில் 15 நடை, அதாவது 36,000 டன். 72 மணி என்றால் 10 நடைதான், 24,000 டன். மாதம் 72,000 டன் அனுப்ப வேண்டுமென்றால் முதல் நிறுவனத்துக்கு இரண்டு ரேக் போதும், இரண்டாவதுக்கு மூன்று வேண்டும். அந்த மூன்றாவது ரேக்கின் இன்ஜின், வேகன், ஓட்டுநர் செலவெல்லாம் முதல் ஆண்டு அவர்கள் தலையில் இருக்கலாம், அப்புறம் விலை மறுபரிசீலனை என்ற பெயரில் உங்கள் தலைக்கு வந்துவிடும். மூன்றாவது ரேக்கே தராமல் விட்டார்களானால் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் 60,000 டன் கொள்ளும் கப்பலை நிரப்ப இதே ரேக் 25 நடை வர வேண்டும், பாதி நிரம்பிய கப்பல் காத்துக் கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் டெமரேஜ் (தாமதக் கட்டணம்) கட்டப்போவது நீங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது பலருக்குப் பிடிக்காது. சுற்று நேரத்தில் பெரிய பங்கு வாடிக்கையாளர் கையில்தான் இருக்கிறது. உங்கள் சைடிங்கில் (கிடங்கை ஒட்டிய பக்கத் தடத்தில்) 20 வேகன்தான் நிற்கும் என்றால் 40 வேகன் ரேக்கை இரண்டாக வெட்டி, பாதியை ஏற்றி, நகர்த்தி, மீதியை உள்ளே கொண்டுவர வேண்டும், அந்த நேரம் முழுக்க இன்ஜினும் ஆளும் அங்கேயே கிடப்பார்கள். அமெரிக்காவில் 110 வேகன் கொண்ட ஷட்டில் ரயிலை (பிரிக்காமல் போய்த் திரும்பும் ரயிலை) 15 மணி நேரத்துக்குள் நிரப்பும் கிடங்குகளுக்குத் தனிச் சலுகை விலை கிடைப்பது இதனால்தான். டெண்டர் விடும் முன் சைடிங்கை நீட்டிவிட்டு, ஏற்றும் வேகத்தைக் கூட்டிவிட்டுப் போங்கள். அதே மூன்று பேரும் வேறு விலை சொல்வார்கள்.

கேள்வி: சரக்கு ஏற்றினாலும் ஏற்றாவிட்டாலும் ஆண்டுக்கு இவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்கிறார்கள். இது அநியாயம் இல்லையா?

அநியாயம் என்று சொல்ல மாட்டேன். நிலக்கரிச் சுரங்கத்துக்கு ஓட்டும் ரயில் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே அளவு ஓடும். தானியம் அப்படியில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொள்ளுங்கள்: அங்கே விவசாயிகளுக்குச் சொந்தமான சிபிஎச் கூட்டுறவுக்கு, வறட்சி தாக்கிய 2010-11 பருவத்தில் வந்து சேர்ந்த தானியம் 1 கோடி டன்னுக்கு வெகு கீழே. 2022-23-இல் 2 கோடியே 20 லட்சம் டன்னுக்கும் மேல். எந்த ஆண்டை நம்பி இன்ஜின் வாங்குவது? நல்ல விளைச்சலுக்கு ஏற்றபடி வாங்கினால் வறட்சியில் பாதி வண்டி துருப்பிடிக்கும். வறட்சிக்கு ஏற்றபடி வாங்கினால் நல்ல ஆண்டில் தானியம் தார்ப்பாய் போட்ட குவியலாகத் திறந்தவெளியில் கிடக்கும்.

இந்த நட்டம் யாராவது ஒருவர் மேல் விழுந்தே ஆக வேண்டும். தானிய ரயில் ஒப்பந்தத்தின் சாரமே, மழை பொய்த்தால் சும்மா நிற்கும் வேகனுக்கு யார் காசு கொடுப்பது என்பதுதான். டன் விலையில் நடக்கும் போட்டி அதன் மேல்பூச்சு. முழு அளவுக்கும் உத்தரவாதம் கொடுக்காதீர்கள். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மிகக் குறைந்த விளைச்சல் எதுவோ அந்த அளவுக்கு மட்டும் நிரந்தரக் கட்டணம், அதற்கு மேல் ஏற்றுவதற்கு டன் கணக்கில் என்று பிரித்துக் கேளுங்கள். குறைந்த ஆண்டில் கட்டிய மிச்சத்தை அடுத்த ஆண்டுச் சரக்கில் கழித்துக்கொள்ளும் ஷரத்தையும் கேட்டுப் பாருங்கள். கிடைப்பது கடினம், ஆனால் போட்டி இருக்கும்போது கேட்காவிட்டால் பிறகு கேட்கவே முடியாது.

கேள்வி: வேகன்களை நாமே வாங்கிவிட்டால் எந்த நிறுவனத்தையும் சார்ந்திருக்க வேண்டாமே?

இதற்கு நல்ல உதாரணம் மேலே சொன்ன அதே சிபிஎச். 2010 டிசம்பரில் அவர்கள் 22 இன்ஜின்களும் 574 வேகன்களும் சொந்தமாக வாங்கப் போவதாக அறிவித்தார்கள், சுமார் 17.5 கோடி ஆஸ்திரேலிய டாலர் முதலீடு. அதுவரை ஓட்டிவந்தது கியூஆர் நேஷனல் குழுமம். வண்டிகளை ஓட்டும் வேலையை மட்டும் அமெரிக்காவைச் சேர்ந்த வாட்கோவுக்குக் கொடுத்தார்கள், 2012-இல் ரயில்கள் ஓடத் தொடங்கின. இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி பத்து ஆண்டு கழித்து நடந்தது. ஒப்பந்தம் முடியும் வேளையில் மறுபடி டெண்டர் விட்டார்கள், 2022-இல் வேலை ஆரைசன் கைக்குப் போனது. ஆரைசன் வேறு யாருமில்லை, 2010-இல் அந்தச் சரக்கை இழந்த கியூஆர் நேஷனலின் புதிய பெயர்தான்.

வண்டி வாடிக்கையாளருடையது என்பதால்தான் இப்படி ஒரு மாற்றம் சாத்தியமானது. புதிதாக வரும் நிறுவனம் நூற்றுக்கணக்கான வேகன்களை வாங்கிக்கொண்டு வர வேண்டியதில்லை, ஓட்டுநர்களையும் பராமரிப்பு ஆட்களையும் திரட்டினால் போதும். அடியில் திறந்து கொட்டும் தானிய ஹாப்பர் வேகனை வேறு சரக்குக்குத் திருப்பிவிடுவது சுலபமில்லை. அதனால் சொந்தப் பணத்தில் வேகன் வாங்கி ஐந்தாண்டு ஒப்பந்தத்துக்குப் போட்டியிட எந்த நிறுவனமும் தயங்கும், ஏற்கெனவே வேகன் வைத்திருக்கும் பழைய ஆள் ஒருவர்தான் மிஞ்சுவார்.

ஆனால் முந்தைய பதிலை மறந்துவிடாதீர்கள். வேகன் உங்களுடையது என்றால் வறட்சி ஆண்டில் அது சும்மா நிற்கும் செலவும் உங்களுடையது. சிபிஎச் போல கோடி டன் கணக்கில் கையாளும் அமைப்புக்கு இது சரி. 3 லட்சம் டன் அனுப்புபவர் வாங்காமல் வாடகைக்கு எடுப்பதே மேல்.

கேள்வி: தண்டவாளம் ஒருவருடையது, ரயில் இன்னொருவருடையது என்று பிரித்தால்தானே உண்மையான போட்டி வரும்?

பாதி உண்மை. பிரித்தால் ரயில் ஓட்டுவதில் போட்டி வரும், தண்டவாளம் அப்போதும் ஒருவர் கையில்தான். மேற்கு ஆஸ்திரேலியாவின் ரயில் தடம் 2000-இல் 49 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. சிபிஎச் புது வண்டிகளோடு வந்த சில ஆண்டுகளிலேயே, மூன்றாம் தரம் என்று வகைப்படுத்தப்பட்ட கிளைப் பாதைகள் 2013-14-இல் மூடப்பட்டன, அங்கே விளைந்த தானியம் லாரிக்குப் போனது. தடத்தைப் பயன்படுத்தும் கட்டணம் குறித்தும் இரு தரப்புக்கும் நீண்ட தகராறு. புத்தம்புது இன்ஜின் இருந்தும் ஓட வழி இல்லையென்றால் என்ன செய்வது?

வட அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே தடமும் ரயிலும் ஒரே நிறுவனத்தின் சொத்து. கனடாவின் புல்வெளி மாகாணங்களில் பெரும்பாலான கிடங்குகளுக்கு சிஎன் (கனடியன் நேஷனல்) அல்லது சிபி (கனடியன் பசிபிக், 2023 முதல் சிபிகேசி), இந்த இரண்டு ரயில் நிறுவனங்களில் ஒன்றின் தடம்தான் எட்டும். அதற்கு மருந்தாக ஒரு விதி உண்டு: உங்கள் கிடங்கு ஒரு நிறுவனத்தின் தடத்தில் இருந்தாலும், சந்திப்பு நிலையம் 30 கிலோமீட்டருக்குள் இருந்தால், அரசு நிர்ணயித்த கட்டணத்தில் அங்கே கொண்டுபோய் மற்ற நிறுவனத்திடம் ஒப்படைக்கச் சொல்லலாம். 2014-இல் இந்தத் தூரத்தைப் புல்வெளி மாகாணங்களுக்கு 160 கிலோமீட்டராக நீட்டினார்கள், 2017-இல் அது காலாவதியானது. அந்த மூன்று ஆண்டுகளில் விதியை வைத்து உண்மையில் கைமாறிய சரக்கு குறைவுதான். ஆனாலும் தானிய நிறுவனங்கள் அது வேண்டும் என்று போராடின, காரணம் பேச்சுவார்த்தை மேஜையில் ‘நான் அடுத்தவரிடம் போக முடியும்’ என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது. போட்டி என்பதற்கு ரயில் மாறித்தான் ஆக வேண்டுமென்பதில்லை, மாற முடியும் என்பதே விலையைக் கொஞ்சம் இறக்கும்.

கேள்வி: லாரியை எதிராளியாக நிறுத்தி ரயில் விலையைக் குறைக்க முடியுமா?

குறுகிய தூரத்துக்கு முடியும். ஆனால் மிரட்டல் உண்மையாகிவிட்டால் திரும்பி வர வழி இருக்காது. தெற்கு ஆஸ்திரேலியாவின் அயர் தீபகற்பத்தில் தானியம் எடுத்துவந்த குறுகிய அகல ரயில் பாதை, நாட்டின் மற்ற ரயில் பாதைகளோடு இணையாத தனித் தீவு. தானிய நிறுவனமான விட்டெராவுக்கும் ரயில் நிறுவனத்துக்கும் புதிய ஒப்பந்தம் படியவில்லை, 2019 மே மாதத்தோடு தானிய ரயில் நின்றது. இணைப்பே இல்லாத தடத்துக்கு வேறு எந்த ரயில்காரர் வருவார்? முழுச் சுமையும் சாலைக்குப் போனது. கிளைப் பாதை ஒருமுறை நின்றுவிட்டால் தண்டவாளத்தைத் தாங்கும் ஸ்லீப்பர் கட்டை மக்க ஆரம்பித்துவிடும், பிறகு திறப்பதற்கு யாரும் பணம் போட மாட்டார்கள்.

கேள்வி: அமெரிக்காவில் தானிய வேகனை ஏலம் விடுகிறார்களாமே?

ஆமாம். 1980-இல் வந்த ஸ்டாகர்ஸ் சட்டம் ரயில் நிறுவனங்களுக்கு விலை வைக்கும் சுதந்திரத்தையும், ஒவ்வொரு வாடிக்கையாளரோடும் ரகசிய ஒப்பந்தம் போடும் உரிமையையும் கொடுத்தது. 1988-இல் பர்லிங்டன் நார்தர்ன் என்ற ரயில் நிறுவனம், பின்னாளில் வரும் மாதங்களுக்கான வேகன்களை முன்கூட்டியே ஏலம் விடத் தொடங்கியது. ஷட்டில் ரயிலை ஆண்டுக் கணக்கில் எடுத்தவர் தனக்குத் தேவையில்லாத நடைகளை வேறொருவருக்கு விற்கலாம். அந்தக் கைமாற்று விலையை அமெரிக்க வேளாண்துறை வாரம்தோறும் வெளியிடுகிறது. 2014-இன் தொடக்கத்தில் ரயில் கிடைக்காமல் தவித்தபோது, வழக்கமான கட்டணத்துக்கு மேல் வேகனுக்குச் சில ஆயிரம் டாலர் கூடுதலாகக் கொடுத்தார்கள். ஏலத்தால் வேகன் ஒன்றும் கூடாது, இருப்பது யாருக்கு என்பது மட்டும் வெளிப்படையாகத் தெரியும். எனக்கு அதுவும் பெரிய விஷயமாகத்தான் படுகிறது.

கேள்வி: எத்தனை ஆண்டுக்குப் போடலாம்?

வேகன் அவர்களுடையது என்றால் ஏழு முதல் பத்து, உங்களுடையது என்றால் ஐந்தாறு போதும். ஆண்டுக் கணக்கை விட முக்கியம், ரயில் வராவிட்டால் அவர்கள் உங்களுக்கு என்ன கட்டுவார்கள் என்ற ஷரத்து. நீங்கள் தாமதித்தால் டெமரேஜ் என்று எழுதுபவர் தான் தாமதித்தால் என்ன என்பதையும் எழுத வேண்டும். கனடாவில் இதைக் கேட்டுப் பெறும் உரிமையே 2018-இல் சட்டம் போட்ட பிறகுதான் வந்தது.

கேள்வி: நான் விவசாயி. ஒப்பந்தத்தில் என் கையெழுத்தே இல்லை. இந்தப் போட்டியால் எனக்கு என்ன?

கடைசியாக வைத்தாலும் இந்தக் கேள்விக்காகத்தான் மற்றதையெல்லாம் எழுதினேன். துறைமுகத்தில் கோதுமைக்கு என்ன விலையோ, அதில் கிடங்குச் செலவும் ரயில் கட்டணமும் கழித்து மிச்சம்தான் உங்கள் வாசலில் சொல்லப்படும் விலை. ரயில் கட்டணத்தை வணிகர் தன் பையிலிருந்து கொடுப்பதில்லை. கட்டணத்தை விடப் பெரிய அடி ரயில் வராதபோது விழும்.

கனடாவில் 2013-இல் அதுவரை காணாத விளைச்சல். அப்புறம் கடும் குளிர்காலம். மைனஸ் 25 டிகிரிக்குக் கீழே போனால் பிரேக் குழாயில் காற்றழுத்தம் கடைசி வேகன்வரை நிற்காது, அதனால் ரயிலின் நீளத்தைக் குறைத்தே ஓட்ட வேண்டும். அதே சரக்குக்கு அதிக ரயில், அதிக இன்ஜின், அதிக ஆள் தேவைப்படும். கிடங்குகள் நிரம்பின, கப்பல்கள் வான்கூவரில் காத்துக் கிடந்தன, வாங்குபவர்கள் துறைமுக விலைக்கும் பண்ணை விலைக்கும் இடையிலான வித்தியாசத்தை அகலமாக்கினார்கள். தானியம் கையில் இருந்தும் விற்க வழியில்லை, கடன் தவணை மட்டும் நாள் தவறாமல் வந்தது. கடைசியில் 2014 மார்ச்சில் அரசு தலையிட்டு, சிஎன், சிபி ஒவ்வொன்றும் வாரம் 5 லட்சம் டன் நகர்த்த வேண்டும் என்று உத்தரவிட்டது. இத்தனைக்கும் அங்கே தானியத்தில் ரயில் நிறுவனங்கள் ஈட்டும் மொத்த வருவாய்க்கு 2000-இலிருந்தே சட்ட உச்சவரம்பு இருக்கிறது, தாண்டினால் மிகுதியை அபராதத்தோடு தானிய ஆராய்ச்சி நிதிக்குக் கொடுக்க வேண்டும். கட்டணத்துக்கு வரம்பு இருந்தது, ரயில் வந்து சேரும் என்பதற்குத்தான் உத்தரவாதம் இல்லை.

எனவே உங்கள் கூட்டுறவின் அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று மூன்றைக் கேளுங்கள். சுற்று நேரம் எத்தனை மணி என்று எழுதியிருக்கிறதா? அறுவடைக்குப் பிந்தைய முதல் மூன்று மாதத்தில் வாரத்துக்கு எத்தனை ரேக் உறுதி? வராத ரேக்குக்கு யார், எவ்வளவு கட்டுவார்கள்? டன் விலை எவ்வளவு என்பதை அதற்குப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.