மகளுக்கு முதல் சூப்பர்ஹீரோ காமிக்ஸ்: எதில் தொடங்கலாம்?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் மகளுக்கு 13 வயது. மார்வெல் படங்களை ஒன்று விடாமல் பார்த்துவிட்டு இப்போது காமிக்ஸ் வேண்டும் என்கிறாள். ஆன்லைனில் தேடினால் பேட்மேன் பெயரில் மட்டும் புத்தகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. எது ஒன்றாம் பாகம் என்றே தெரியவில்லை. நான் முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவன். அவளோடு சேர்ந்து நானும் படிக்க ஆசை. எதை வாங்கலாம், எதை இப்போதைக்குத் தள்ளி வைக்கலாம்?"

ஒன்றாம் பாகத்தைத் தேடுவதை முதலில் விட்டுவிடுங்கள். சூப்பர்மேன் 1938-இல் வந்தார், பேட்மேன் 1939-இல். அன்றிலிருந்து இன்றுவரை கதை ஓடிக்கொண்டே இருக்கிறது. பேட்மேன் அறிமுகமான 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 2019-இல் ஆயிரமாவது இதழைத் தொட்டது. பாத்திரங்கள் நிறுவனத்தின் சொத்து. எழுதுபவர்களும் வரைபவர்களும் வருவார்கள், போவார்கள். புதிதாக வருபவர் கதையைத் தன் விருப்பப்படி திருப்புவார். சில சமயம் நிறுவனமே பழையதை ஒதுக்கிவிட்டு மறுபடி தொடங்கும். 2011 செப்டம்பரில், சூப்பர்மேனையும் பேட்மேனையும் வெளியிடும் டிசி நிறுவனம் 52 தொடர்களை ஒரே மாதத்தில் முதல் இதழிலிருந்து ஆரம்பித்தது. அதனால் அட்டையில் 1 என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்க முடியாது.

நீங்கள் படித்து வளர்ந்த முறை வேறு. இரும்புக்கை மாயாவியின் கதை பிரிட்டனில் 'வேலியன்ட்' என்ற வாரப் பத்திரிகையில் 1962 முதல் சில பக்கங்கள் வீதம் தொடராக வந்தது. 1972-இல் முத்து காமிக்ஸ் அதை முழுக்கதையாக ஒரே புத்தகத்தில் தந்தது. காசு கொடுத்தால் கதை முடிந்துவிடும். அமெரிக்க மாத இதழோ இருபது பக்கச் சொச்சம்தான். ஐந்தாறு இதழ் சேர்ந்தால்தான் ஒரு கதைக்கு முடிவு வரும். ஆகவே தனி இதழ்களை வாங்காதீர்கள். அவற்றைச் சேர்த்துக் கட்டிய பேப்பர்பேக் தொகுப்பை வாங்குங்கள். எந்தெந்த இதழ்கள் உள்ளே இருக்கின்றன என்று புத்தகத்திலேயே சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். ஆன்லைன் விற்பனைப் பக்கத்தின் விவரக் குறிப்பிலும் இருக்கும். அந்த வரியைப் பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம்.

அப்புறம், ஹீரோவின் பெயரைவிட எழுதியவர் யார், வரைந்தவர் யார் என்பதுதான் முக்கியம். இரண்டுமே ரஜினி படம்தான் என்றாலும் மகேந்திரன் எடுத்தது ஒரு மாதிரி, எஸ்.பி. முத்துராமன் எடுத்தது வேறு மாதிரி. நீங்கள் இதைச் சொல்லாமலே புரிந்துகொள்வீர்கள். காமிக்ஸிலும் அப்படியே. நல்ல எழுத்தாளரும் நல்ல ஓவியரும் சேர்ந்து தொடங்கி, தாங்களே முடித்த கதையாகத் தேடினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். யாராவது என்னிடம் "எந்த ஹீரோ நல்ல ஹீரோ?" என்று கேட்டால், "வேறு என்னவெல்லாம் உங்களுக்குப் பிடிக்கும்?" என்றுதான் திருப்பிக் கேட்பேன். உங்கள் மகளிடமும் அதைக் கேளுங்கள். பள்ளிக்கூடக் கதையா, துப்பறியும் கதையா, வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கும் கதையா?

பதில் தெரியாத நிலையில் ஒரே ஒரு புத்தகம் சொல் என்றால், நான் 'மிஸ் மார்வெல்' முதல் தொகுப்பைச் சொல்வேன். 2014-இல் தொடங்கியது. எழுதியவர் ஜி. வில்லோ வில்சன், வரைந்தவர் ஏட்ரியன் அல்ஃபோனா. பாகிஸ்தானிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பெண் கமலா கான். வயது 16, ஊர் ஜெர்சி சிட்டி. அப்பா அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு பார்ட்டிக்குப் போன இரவில் அவளுக்குச் சக்தி கிடைக்கிறது. கிடைத்ததும் அவள் மாறுவது தான் ஆராதிக்கும் கேப்டன் மார்வெலான கேரல் டான்வர்ஸ் உருவத்துக்கு: பொன்னிற முடி, வெள்ளைத் தோல், உடம்பைப் பிடிக்கும் உடை. அந்த உருவம் தனக்குப் பொருந்தவில்லை என்று அவள் கண்டுகொள்வதும், தன் முகத்தோடும் தன் வீட்டோடும் நாயகியாக நிற்கக் கற்றுக்கொள்வதும்தான் கதை. கமலாவின் அம்மா திட்டுவதைப் படிக்கும்போது உங்கள் வீட்டுக் குரல்தான் காதில் கேட்கும். 2015-இல் இந்தத் தொகுப்புக்கு அறிவியல் புனைகதைகளுக்கான ஹியூகோ விருது கிடைத்தது. உங்கள் மகள் 2022-இல் வந்த தொலைக்காட்சித் தொடரைப் பார்த்திருக்கலாம். அதில் கமலா ஒளியைக் கெட்டிப்படுத்துகிறாள். புத்தகத்தில் அவள் கை கால்கள் நீளும், உடம்பு பெருக்கும், சுருங்கும். அல்ஃபோனா அதை வரைந்திருக்கும் விதத்தில் ஒரு விடலைப் பெண்ணின் தடுமாற்றமும் தெரியும். எனக்குப் புத்தகம்தான் ஒரு படி மேல்.

சிரிப்புப் பிடிக்கும் என்றால் 'தி அன்பீட்டபிள் ஸ்குவிரல் கேர்ள்'. ரயன் நார்த் எழுதி எரிக்கா ஹென்டர்சன் வரைந்தது. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் கல்லூரி மாணவி, உலகையே விழுங்க வருபவனிடமும் பேசிப் பார்த்துத் தீர்க்கிறாள்.

சூப்பர்மேன் பழைய காலத்து ஆள் என்று அவள் உதட்டைப் பிதுக்கினால் 'சூப்பர்மேன் ஸ்மாஷஸ் தி க்ளான்' கொடுங்கள். ஒரே புத்தகத்தில் முடிந்துவிடும். 1946-இல் அமெரிக்க வானொலியில் சூப்பர்மேன் நாடகம் ஒன்று கூ க்ளக்ஸ் க்ளான் போன்ற இனவெறிக் கூட்டத்தை நேரடியாக எதிர்த்தது. அதை அடிப்படையாக வைத்து ஜீன் லுவென் யாங் எழுத, குரிஹிரு என்ற ஜப்பானிய ஓவியர் ஜோடி வரைந்தது. மெட்ரோபாலிஸுக்குக் குடிவரும் சீனக் குடும்பத்துச் சிறுமி ராபர்ட்டாவின் கண் வழியே கதை போகிறது. இதில் சூப்பர்மேனுக்கு இன்னும் பறக்கத் தெரியாது, ஓடுவார், தாவுவார். தானும் வெளியிலிருந்து வந்தவன் என்பதை அவர் ஏற்றுக்கொள்ளும் கதையும் இதுவே.

படத்தின் பெயரைப் பார்த்து வாங்குவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அவெஞ்சர்ஸ் படங்களின் வில்லன் தானோஸின் கதை வேண்டும் என்று 1991-இல் வந்த 'இன்ஃபினிட்டி கான்ட்லெட்' வாங்கினால், அதில் தானோஸ் பாதி உயிர்களை அழிப்பது மரணம் என்ற பெண்ணுருவின் மனத்தைக் கவர்வதற்காக. கதையை இழுத்துச் செல்வது ஆடம் வார்லாக், சில்வர் சர்ஃபர் போன்றவர்கள். பழைய கதைகள் தெரிந்தவருக்கு விருந்து, புதியவருக்கு விளங்காது. 'சிவில் வார்' முதன்மைக் கதை ஏழு இதழ்தான், ஆனால் கிளைக்கதைகள் வேறு பல தொடர்களில் சிதறிக் கிடக்கும். இரண்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். படம் பார்த்தவருக்கு உண்மையிலேயே பொருந்தும் ஒன்று உண்டு: மாட் ஃபிராக்ஷன் எழுதி டேவிட் அஹா வரைந்த 'ஹாக்ஐ', 2012. அதன் 11-ஆவது இதழ் முழுக்க ஒரு நாயின் பார்வையில் நடக்கும். மனிதர் பேசுவதில் நாய்க்குப் புரியும் ஓரிரு சொற்கள் மட்டுமே வசனமாக இருக்கும், மற்றவை வாசனையும் சின்னங்களும். இந்த இதழ் இரண்டாவது தொகுப்பில் இருக்கிறது.

இனி உங்களுக்கு. 'பேட்மேன்: இயர் ஒன்', 1987. ஃபிராங்க் மில்லர் எழுதியது, டேவிட் மட்சுகெல்லி வரைந்தது, நான்கே இதழ்கள். பேட்மேனாக ஆகப்போகிறவரும் போலீஸ் அதிகாரி கார்டனும் ஒரே நாளில் காத்தம் நகரத்துக்கு வந்து சேர்கிறார்கள். கதை கார்டனுக்குத்தான் அதிகம் சொந்தம் என்பது என் கருத்து. ஊழல் மண்டிய துறையில் நேர்மையாக இருக்கப் பார்க்கும் ஒருவர், தானும் வீட்டில் தவறு செய்கிறவர். இதை நீங்கள் முதலில் படியுங்கள், மகளுக்கு இரண்டு வருடம் கழித்துக் கொடுக்கலாம். அடுத்தது கிராண்ட் மாரிசன் எழுதி ஃபிராங்க் குவைட்லி வரைந்த 'ஆல்-ஸ்டார் சூப்பர்மேன்'. இதை அவளோடு சேர்ந்தே படிக்கலாம். சாகப்போகிறோம் என்று தெரிந்த சூப்பர்மேன் மிச்ச நாட்களில் என்ன செய்கிறார் என்பது கதை.

மகளோடு உட்கார்ந்து படிப்பதற்கு இந்த 'ஆல்-ஸ்டார்' மிக நல்ல பாடப்புத்தகம். முதல் பக்கத்தில் நான்கே கட்டங்கள், மொத்தம் எட்டே ஆங்கிலச் சொற்கள். சூப்பர்மேனின் பிறப்புக் கதை முழுவதும் அதில் முடிந்துவிடுகிறது. கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் விட்டுப்போனதை அவளைச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு கிளார்க் கென்ட் நிற்கும் விதத்தையும் சூப்பர்மேன் நிற்கும் விதத்தையும் ஒப்பிடுங்கள்: தோள் எப்படித் தொங்குகிறது, வயிறு எப்படித் தள்ளுகிறது, இரண்டு பேரும் ஒருவர்தான் என்று ஏன் யாருக்கும் தோன்றவில்லை? பலூனில் இருக்கும் வசனத்தை மட்டும் படித்துக்கொண்டு ஓடுகிறவர் அரை மணியில் புத்தகத்தை முடித்துவிட்டு "இவ்வளவுதானா?" என்பார். படத்தைப் படிக்கப் பழகியவருக்கு அதே புத்தகம் பல நாள் தாங்கும்.

இப்போதைக்குத் தள்ளி வைக்க வேண்டியவை. 'தி கில்லிங் ஜோக்' மெல்லிய பேட்மேன் புத்தகம், ஜோக்கர் படம் போட்ட அட்டை, எல்லாப் பரிந்துரைப் பட்டியலிலும் இருக்கும். உள்ளே கார்டனின் மகள் பார்பராவுக்கு நடப்பது 13 வயதுப் பிள்ளை படிக்க வேண்டியது இல்லை. எழுதிய ஆலன் மூரே பிற்காலப் பேட்டிகளில் அந்தக் கதையில் தனக்குத் திருப்தியில்லை என்று சொல்லியிருக்கிறார். அவரே டேவ் கிப்பன்ஸோடு செய்த 'வாட்ச்மென்' மாபெரும் படைப்பு, அதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது. ஆனால் அது சூப்பர்ஹீரோ என்ற கற்பனையையே குறுக்கு விசாரணை செய்யும் நூல். அந்தக் கற்பனையை நேசித்துப் படித்த பிறகு படித்தால்தான் உறைக்கும். நீங்கள் ஐந்தாறு புத்தகம் முடித்துவிட்டு வாருங்கள். அவளுக்கு 17 ஆகட்டும். பொதுவாக, பின்னட்டையில் வயதுக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மார்வெலில் 'டி பிளஸ்' என்றால் 13 வயதும் அதற்கு மேலும். டிசியின் 'பிளாக் லேபிள்' முத்திரை 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. எதுவானாலும் கொடுப்பதற்கு முன் நீங்கள் ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

விலையைப் பற்றி. இறக்குமதிப் புத்தகங்கள், கையைக் கடிக்கும். டிசி 2024-இல் 'காம்பாக்ட் காமிக்ஸ்' என்று சிறிய அளவில் மலிவுப் பதிப்புகள் தொடங்கியது. அமெரிக்க விலை 9.99 டாலர். 'ஆல்-ஸ்டார் சூப்பர்மேன்', 'வாட்ச்மென்' இரண்டும் அதில் உண்டு. எழுத்து பொடியாக இருக்கும், அவள் கண்ணுக்குப் பரவாயில்லை, உங்களுக்குக் கண்ணாடி வேண்டியிருக்கும். டிஜிட்டலில் படிப்பதானால் பெரிய டேப்லெட்டில் படியுங்கள். போனில் கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிப் படித்தால், ஓவியர் பக்கத்தை எப்படி அமைத்தார் என்பதே தெரியாமல் போய்விடும்.

சூப்பர்ஹீரோக்களைத் தாண்டி அவள் ஆர்வம் போனால் யாங்கின் 'அமெரிக்கன் பார்ன் சைனீஸ்' இந்த வயதுக்குச் சரி. ஈரானில் வளர்ந்த மர்ஜானே சத்ரபியின் 'பெர்செபோலிஸ்' 15 வயதுக்கு. அம்பேத்கரின் வாழ்வைச் சொல்லும் 'பீமாயணா'வை மட்டும் காத்திருக்காமல் இப்போதே வாங்கலாம். 2011-இல் வந்தது. வரைந்த துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் இருவரும் பர்தான் கோண்டுப் பழங்குடி ஓவியர்கள். பாத்திரங்களைக் கட்டத்துக்குள் அடைக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டே வரைந்திருக்கிறார்கள். அன்பான பேச்சு பறவை வடிவக் குமிழியில் வரும், விஷப் பேச்சுக்குத் தேள் கொடுக்கு முளைத்திருக்கும். மார்வெலும் டிசியும் மட்டுமே படித்த கண்ணுக்குப் பக்கத்தை இப்படியும் கட்டலாம் என்று காட்டும்.

தொகுப்புகளை மொத்தமாக வாங்கி அடுக்க வேண்டாம். 'மிஸ் மார்வெல்' முதல் புத்தகத்தைக் கொடுத்துப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் பாதியில் வைக்கட்டும், வேறொன்று முயலலாம். அடுத்தது வேண்டும் என்று கேட்டால் நான்காம் தொகுப்புவரை சிக்கலில்லை. அதற்குப் பிறகு மாத இதழ்கள் மறுபடி 1 என்று எண்ணத் தொடங்கின. எழுத்தாளர் அதே வில்சன், கதையும் அதன் தொடர்ச்சி. புத்தகக் கடையில் 'சூப்பர் ஃபேமஸ்' என்ற ஐந்தாம் தொகுப்பைக் கேளுங்கள்.