தண்டர்பேர்டா, பிரவுசரா? மெயில் கேள்வி பதில்

கேள்வி (ஈரோடு, ஆடிட்டர் அலுவலகம்): சார், ஜிமெயில் பிரவுசரிலேயே நன்றாகத்தான் இருக்கிறது. கம்ப்யூட்டரில் மெயில் படிக்க தண்டர்பேர்டு மாதிரி தனி மென்பொருள் எதற்கு?

பதில்: ஒரே கணக்கு, தினம் பத்து மெயில் என்றால் தேவையில்லை. உங்கள் அலுவலகத்தில் நாலைந்து கணக்குகள் இருக்கும். அவற்றை ஒரே திரையில் பார்க்கலாம், நெட் இல்லாதபோதும் பழைய மெயிலைத் தேடலாம். ஜிமெயில் இலவசமாகத் தரும் 15 ஜிபி, டிரைவுக்கும் போட்டோஸுக்கும் சேர்த்துத்தான். நிரம்பினால் புது மெயில் வராது. இரண்டு வருடம் தொடாத தனிநபர் கணக்கை கூகுள் அழிக்கவும் செய்யலாம். அதனால் உங்கள் டிஸ்க்கில் ஒரு நகல் அவசியம்.

ஆனால் ஒன்று: ஐமேப்பில் (சர்வரில் உள்ள மெயிலும் உங்கள் திரையில் உள்ளதும் எப்போதும் ஒன்றாக இருக்கும் முறை) இணைத்தால் மட்டும் அது பேக்கப் ஆகாது. இங்கே அழித்தால் அங்கேயும் போய்விடும். பழைய மெயிலை தண்டர்பேர்டில் உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கும் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' பகுதிக்குக் காப்பி செய்து, தண்டர்பேர்டு எல்லாவற்றையும் சேமிக்கும் புரொஃபைல் ஃபோல்டரை வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வையுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): போன், கம்ப்யூட்டர் இரண்டிலும் பார்க்கிறேன். பாப் (மெயிலை ஒரு கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்ளும் முறை) நல்லதா, ஐமேப் நல்லதா?

பதில்: ஐமேப்.

கேள்வி (சென்னை): பாஸ்வேர்டு சரியாக இருந்தும் அவுட்லுக் 2010 ஜிமெயிலை ஏற்கவில்லையே?

பதில்: வெறும் பாஸ்வேர்டை கூகுள் இப்போது ஏற்பதில்லை. இரண்டு படி சரிபார்ப்பை இயக்கி, இந்த மாதிரி மென்பொருளுக்கென்று கூகுள் தனியாகத் தரும் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு எடுத்துப் போடுங்கள்.

கேள்வி (மதுரை): கம்பெனி மெயிலுக்கு எந்த ஹோஸ்டிங் எடுக்கலாம்?

பதில்: சர்வர் பக்கம் என் துறை இல்லை. உங்கள் டொமைனைப் பார்த்துக்கொள்பவரிடம் கேளுங்கள்.

கேள்வி (கோவை): விண்டோஸில் வரும் புது அவுட்லுக் போடலாமா அண்ணா?

பதில்: அது உள்ளுக்குள் வெப் மெயில்தான். ஜிமெயிலையோ கம்பெனி ஐமேப் கணக்கையோ சேர்த்தால் மெயில்கள் மைக்ரோசாப்ட் கிளவுடுக்கும் போகும். வாடிக்கையாளர் ஆவணம் கையாள்பவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி (மீண்டும் கோவை): ஜிமெயிலே கூகுள் சர்வரில்தானே இருக்கிறது? இன்னொரு நகல் இருந்தால் என்ன கெட்டுவிடும்?

பதில்: ஜிமெயிலுக்கு உங்கள் வாதம் ஓரளவு சரி. கம்பெனியின் சொந்த சர்வருக்குச் சரியில்லை. மெயில் வெளியே போகக் கூடாது என்றுதானே அந்த சர்வரை வைத்திருக்கிறார்கள்? ஐமேப் கணக்கின் பாஸ்வேர்டும் மைக்ரோசாப்ட் சர்வருக்குப் போகிறது என்று 2023 நவம்பரில் ஜெர்மனியின் தொழில்நுட்பச் செய்தித் தளமான ஹைசே எழுதியது. மூன்றாவது ஒருவர் கையில் சாவி இருப்பதை முதலாளிக்குச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி (அவரே): சரி, தண்டர்பேர்டு உள்ள லேப்டாப் திருடுபோனால்?

பதில்: இது வலுவான கேள்வி. இந்த இடத்தில் பிரவுசர் பக்கம் நியாயம் உண்டு. தண்டர்பேர்டின் 'பிரைமரி பாஸ்வேர்டு' சேமித்த பாஸ்வேர்டுகளைத்தான் காக்கும். டிஸ்க்கில் இருக்கும் மெயிலைக் காக்காது. டிஸ்க் முழுவதையும் விண்டோஸின் பிட்லாக்கர் போன்ற பூட்டும் வசதியால் பூட்டியே ஆக வேண்டும். அதைச் செய்ய மாட்டேன் என்பவர் பிரவுசரிலேயே இருக்கலாம்.

கேள்வி (சேலம்): தண்டர்பேர்டில் ஜிமெயில் இன்பாக்ஸை அழித்தேன். போனிலும் காணோம்!

பதில்: முதல் பதிலைப் படித்திருந்தால் தப்பித்திருக்கலாம். ஐமேப் பேக்கப் இல்லை. உடனே பிரவுசரில் ஜிமெயிலைத் திறந்து 'பின்', 'ஆல் மெயில்' இரண்டிலும் தேடுங்கள். பின்னில் 30 நாள்தான் இருக்கும்.

கேள்வி (திருச்சி): ஐமேப் போட்டால் பேக்கப் ஆகிவிடும்தானே?

பதில்: ஆகாது. மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்.

கேள்வி (நாகர்கோவில்): மென்பொருள் எதுவும் வேண்டாம். ஜிமெயிலை மட்டும் நகலெடுக்க வழி?

பதில்: உங்கள் கூகுள் தரவை இறக்கிக்கொள்ள உதவும் கூகுள் டேக்அவுட் தளத்துக்குப் போய் 'மெயில்' மட்டும் தேர்ந்தெடுங்கள். மெயில்கள் சேர்ந்த எம்பாக்ஸ் கோப்பாக வரும். அதை இறக்குவதற்கான லிங்க் சில நாளில் காலாவதியாகும்; வந்ததும் இறக்கிவிடுங்கள். கோப்பைத் திறந்து படிக்க மட்டும் பிற்பாடு தண்டர்பேர்டு மாதிரி ஒன்று தேவைப்படும்.