‘வேண்டிய ஆகாரம்’, ‘அனுதின உணவு’: கிரேக்க மூலம் சொல்வது எது?

கேள்வி: நான் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவள், கணவர் வீட்டார் கத்தோலிக்கர். கர்த்தருடைய ஜெபத்தில் நான் “எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்” என்கிறேன். அவர்கள் “எங்கள் அனுதின உணவை எங்களுக்கு இன்று அளித்தருளும்” என்கிறார்கள். மகளுக்கு எதைக் கற்றுக்கொடுப்பது? மூலத்துக்கு நெருக்கமானது எது?

பதில்: இரண்டில் எதைக் கற்றுக்கொடுத்தாலும் பிழையில்லை. ஆனால் மூலத்துக்கு நெருக்கமானது எது என்ற கேள்விக்கு ஒரே வரியில் விடை சொல்ல முடியாது. ஏனெனில் ‘வேண்டிய’, ‘அனுதின’ என்ற இடத்தில் கிரேக்கத்தில் நிற்கும் ‘எபியூசியோஸ்’ என்ற சொல், புதிய ஏற்பாட்டில் மத்தேயு 6:11, லூக்கா 11:3 ஆகிய இரண்டு வசனங்களில் மட்டுமே வருகிறது. கிரேக்கத்தைத் தாய்மொழிபோல் கையாண்ட திருச்சபை அறிஞர் ஓரிஜனே மூன்றாம் நூற்றாண்டில், இச்சொல் அறிஞர் எழுத்திலும் இல்லை, மக்கள் பேச்சிலும் இல்லை, நற்செய்தியாளர்கள் உருவாக்கியதாகவே தோன்றுகிறது என்று எழுதினார். எகிப்தில் கிடைத்து 1889-இல் வெளியான ஒரு பாப்பிரஸ் (நாணல் தாள்) செலவுக் கணக்கில் இச்சொல் இருப்பதாக நெடுங்காலம் நம்பப்பட்டது. காணாமற்போயிருந்த அந்த ஏடு மீண்டும் அகப்பட்டபோது ஆராய்ந்தவர்கள், அங்கே எழுதியிருந்தது ‘எண்ணெய்’ என்ற சொல்லே என்று 1999-இல் காட்டினார்கள்.

வழக்கில் இல்லாத சொல்லுக்குப் பொருள் காண அதன் வேரைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ‘எபி’ என்ற முன்னொட்டுடன் ‘இருத்தல்’ என்னும் பொருளுடைய சொல் சேர்ந்தது என்று கொண்டால், நாம் உயிரோடிருக்கத் தேவையான உணவு என்று பொருள்படும். ‘வருதல்’ என்னும் வினை சேர்ந்தது என்று கொண்டால், வரும் நாளுக்குரிய உணவு என்றாகும். இரண்டாவதற்கு வலுவான சான்று உண்டு: பவுல் துரோவாவிலே கப்பலேறி “மறுநாளிலே” நெயாப்போலிக்கு ஓடினார் என்கிற அப்போஸ்தலர் 16:11-இல் உள்ள கிரேக்கச் சொல் ‘எபியூசே’. நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள் என்றவர் நாளைய உணவைக் கேட்கச் சொல்வாரா என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் கவலைப்படாதிருக்க வழியே தகப்பனிடம் கேட்டுவிடுவதுதான் என்பதால், எனக்கு இதில் முரண் தெரியவில்லை.

ஜெரோம் தம் லத்தீன் வேதாகமப் பதிப்பில் லூக்காவில் ‘அன்றாட’ என்பதையே வைத்துக்கொண்டு, மத்தேயுவில் மட்டும் ‘பொருண்மைக்கு மேற்பட்ட’ என்று மாற்றினார். நற்கருணையை எண்ணி வாசிப்பவர்களுக்கு அது ஆதாரமாயிற்று. ஜெபமாக ஓதும்போதோ மக்கள் நாவில் ‘அன்றாட’ என்ற பழைய லத்தீன் வழக்கே நிலைத்தது. உங்கள் கணவர் வீட்டாரின் ‘அனுதின’ அந்த வழியில் வந்தது. சீரியத் திருச்சபைகளின் வேதாகமமான பெஷித்தாவோ ‘எங்கள் தேவையின் அப்பம்’ என்கிறது; நீங்கள் சொல்லும் ‘வேண்டிய ஆகாரம்’ அதற்கு மிக அருகில் நிற்கிறது. கத்தோலிக்கர் இன்று வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பும் மத்தேயுவில் “இன்று தேவையான உணவை” என்றே தருகிறது என்பதை உங்கள் மாமியாரிடம் காட்டலாம்.

என் கருத்தைக் கேட்டால், ‘வேண்டிய’ என்பதே மேல். வெறுமனே ‘தினசரி’ என்று சொல்வதுதான் நோக்கம் என்றால், கிரேக்கத்தில் அதற்கு எளிய சொல் ஏற்கெனவே இருந்தது: “அநுதின ஆகாரமில்லாமலும்” இருக்கும் சகோதரனைப் பற்றிப் பேசும் யாக்கோபு 2:15-இல் உள்ளது ‘எபேமெரோஸ்’. அதை விட்டு அரிய சொல் ஒன்றை எடுத்தவர்கள் வேறு ஏதோ சொல்ல விரும்பினார்கள் என்றே நினைக்கிறேன். “என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்” என்ற நீதிமொழிகள் 30:8-இன் வேண்டுதலும், அன்றன்றைக்கு வேண்டிய அளவே மன்னாவைச் சேர்க்கச் சொன்ன யாத்திராகமம் 16-ம் இந்த வாசிப்புக்குத் துணைநிற்கின்றன. ஆயினும் ‘அனுதின’ என்பதைத் தவறு என்று ஒதுக்க முடியாது. அந்தக் கருத்தை லூக்கா “அன்றன்றும்” என்று தனிச்சொல்லாகவே சேர்த்திருக்கிறார்.

ஆகவே, மகள் உங்களோடு ஜெபிக்கும்போது உங்கள் சொல்லையும், பாட்டியோடு ஜெபிக்கும்போது அவர் சொல்லையும் சொல்லட்டும். ஏன் இரண்டு என்று அவள் கேட்கும் வயது வரும்போது, மத்தேயு 6:11, லூக்கா 11:3 இரண்டையும் அருகருகே திறந்து வைத்து அவளையே வாசிக்கச் சொல்லுங்கள்.