கூப்பர் பிளாக் எழுத்துரு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

புத்தக அட்டை, சுவரொட்டி வடிவமைப்புதான் என் தொழில். கூப்பர் பிளாக் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கேள்வி: இதை உருவாக்கியவர் யார்?

சிகாகோவில் விளம்பரங்களுக்குக் கையால் எழுத்து வரைந்துவந்த ஆஸ்வால்ட் புரூஸ் கூப்பர். பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் என்ற எழுத்து வார்ப்பகம் 1922இல் வெளியிட்டது.

கேள்வி: இவ்வளவு தடியாக இருந்தும் பார்க்க மிரட்டலாக இல்லையே, ஏன் அக்கா? போடோனி என்ற எழுத்துருவின் போல்டு (தடித்த வடிவம்) என்றால் விறைப்பாகத் தெரிகிறது.

நல்ல கேள்வி. ஆங்கிலச் சின்ன 'o' எழுத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கிப் பாருங்கள். உள்ளே இருக்கும் வெள்ளை நேராக நிற்காது, இடப்பக்கம் சாய்ந்திருக்கும். அகலமுனைப் பேனாவால் எழுதும்போது தானாக வருகிற சாய்வு அது. 'i' மேல் இருக்கும் புள்ளியும் வட்டம் இல்லை, சாய்த்து வைத்த முட்டை. செரிஃப்களை, அதாவது கோட்டின் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பாதங்களைப் பாருங்கள், தட்டையான அடியே கிடையாது, தலையணை ஓரம் போல உருண்டு முடியும். கூர்முனை ஒன்றுகூடக் கண்ணில் படாது.

போடோனியில் நிமிர்ந்த கோடு தடிமன், செரிஃப் மயிரிழை. போல்டு ஆக்கும்போது தடித்த கோடுதான் மேலும் தடிக்கிறது, மயிரிழை கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. நீங்கள் சொல்லும் விறைப்பு அங்கிருந்து வருகிறது.

கேள்வி: ஒரு பத்தி முழுவதையும் இதில் போடலாமா?

வேண்டாம். 'a', 'e' எழுத்துகளின் உள்வெளி, அதாவது உள்ளே அடைபட்ட வெள்ளை, ரொம்பச் சின்னது. அளவு குறைந்தால் அடைத்துக்கொண்டு வெறும் கறுப்புப் பொட்டாகிவிடும்.

கேள்வி: அப்படியானால் பத்திக்கு நடுவே ஒரு சொல்லை அழுத்திக் காட்ட எது சரி?

கிளாரண்டன் என்ற எழுத்துரு வகை. லண்டனில் ஃபேன் ஸ்ட்ரீட் வார்ப்பகத்தின் ராபர்ட் பெஸ்லி 1845இல் பதிவுசெய்தது. சாதாரண எழுத்தோடு அதே வரியில் நின்று தனியாகத் தெரியட்டும் என்றே செய்தார்கள். அகராதிகளில் தலைச்சொற்களுக்கு இது மிகவும் பொருந்திப் போயிற்று. பதிவுப் பாதுகாப்பு மூன்றே ஆண்டுதான். அது முடிந்ததும் மற்ற வார்ப்பகங்களும் தங்கள் பங்குக்குச் செய்ய ஆரம்பித்துவிட்டன. தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் வித்தியாசம் குறைவு, செரிஃபும் நிமிர்ந்த கோட்டோடு வளைந்து சேருகிறது. அதனால் சொரசொரப்பான தாளிலும் உடையாமல் நிற்கும்.

கேள்வி: என் தளத்தில் கூப்பர் பிளாக் தலைப்பு வீங்கிப்போய், பிசுபிசுவென்று தெரிகிறது. ஃபாண்ட் ஃபைல் கெட்டுவிட்டதா?

ஃபைல் நன்றாகத்தான் இருக்கும். தலைப்பு டேகுக்கு பிரவுசர் தானாகவே போல்டு கொடுக்கும். உங்களிடம் இருப்பது ஒரே ஒரு எடை, அதாவது ஒரே ஒரு தடிமன் அளவு. அதை நார்மல் என்று அறிவித்திருந்தால், தனி போல்டு இல்லையே என்று பிரவுசர் தானே கோட்டைத் தடிக்க வைக்கிறது. ஏற்கெனவே கறுத்த எழுத்துக்கு மேல் இன்னொரு பூச்சு! தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் குறியீட்டில் அந்தத் தலைப்பின் எடையை நார்மல் ஆக்குங்கள், உள்வெளி திறந்துகொள்ளும். இந்தப் பொய் போல்டு எத்தனையோ நல்ல எழுத்துருக்களின் பெயரைக் கெடுத்திருக்கிறது, எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு.

கேள்வி: இதே சாயலில் இலவசமாக ஏதாவது?

ஃப்ரான்சஸ். கூகுள் ஃபாண்ட்ஸில் கிடைக்கும், திறந்த உரிமம். எடையை 100 முதல் 900 வரை நகர்த்தலாம், முனைகளின் மென்மைக்கும் தனி அளவுகோல் இருக்கிறது. 900இல் வைத்து மென்மையை முழுதாக ஏற்றினால் கூப்பரின் உறவுக்காரர் மாதிரி இருக்கும்.

கேள்வி: எங்கெல்லாம் பொருந்தும்?

நாலைந்து சொல்லுக்குள் முடிகிற, நட்பாகப் பேச வேண்டிய எதற்கும். ஈஸிஜெட் விமான நிறுவனத்தின் பெயர் இதில்தான் இருக்கிறது. இரங்கல் செய்திக்கு நான் தொடவே மாட்டேன், அந்த உருண்டைக்கு அங்கே இடமில்லை. அப்புறம், எல்லாமே பெரிய (கேபிடல்) எழுத்தில் போட்டு நடுவே இடைவெளி விட்டுப் பரப்பாதீர்கள். சின்ன (ஸ்மால் லெட்டர்) எழுத்துகளை நெருக்கி, பக்கத்து வளைவோடு வளைவு உரசும் அளவுக்கு வைத்துப் பாருங்கள். அப்போதுதான் சொல் முழுக்க ஒரே கட்டியாகத் திரண்டு வரும்.