ஆபீஸ் சுவரில் இருக்கும் ஏசி தெர்மோஸ்டாட் உண்மையில் வேலை செய்கிறதா, சும்மா மாட்டி வைத்திருக்கிறார்களா?

கேட்டவர் எழுதியிருப்பது இது: தெர்மோஸ்டாட்டில் 18 வைத்தாலும் ஜன்னல் பக்கம் புழுங்குகிறது, நடுவில் உட்கார்ந்திருப்பவர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறார்கள், அந்தப் பெட்டியால் ஏதாவது பயன் உண்டா?

சென்னையில் அலுவலகக் கட்டடங்களின் ஏசி கன்ட்ரோல் பராமரிப்பில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். பெரும்பாலும் அது உண்மையான பெட்டிதான். சில கட்டடங்களில் ஆளாளுக்கு மாற்றிவிடுகிறார்கள் என்று கட்டடம் முழுவதையும் கட்டுப்படுத்தும் பிஎம்எஸ் கம்ப்யூட்டரிலேயே பூட்டி வைத்திருப்போம். அங்கே நீங்கள் எந்த எண்ணை வைத்தாலும் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் நகராது.

முதலில் அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மூடியைக் கழற்றினால் மிளகு அளவில் ஒரு சென்சார் தெரியும். வெப்பம் ஏறினால் அதன் மின்தடை குறையும். பரவலாகப் போடுகிற வகையில் 25 டிகிரியில் சுமார் 10,000 ஓம் இருக்கும். அதை வைத்து கன்ட்ரோலர் அறையின் வெப்பத்தைக் கணக்குப் போடுகிறது. நீங்கள் வைத்த எண்ணுக்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்து, ஏஎச்யூ (காற்றைக் குளிர்வித்துத் தளத்துக்கு அனுப்பும் இயந்திரம்) அறையில் இருக்கும் வால்வுக்கு 0 முதல் 10 வோல்ட் வரை ஒரு சிக்னல் அனுப்புகிறது. 0 என்றால் வால்வு மூடும், 10 என்றால் முழுக்கத் திறக்கும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரிலிருந்து சுமார் 7 டிகிரியில் வரும் தண்ணீர் அந்த வால்வு வழியாகத்தான் காயில் என்ற குழாய்ச் சுருளுக்குள் போகிறது. காயில் மேல் அடிக்கும் காற்று 13, 14 டிகிரிக்கு இறங்கி டக்ட் (காற்றுக் குழாய்) வழியாக உங்கள் தலைக்கு மேல் வந்து விழுகிறது.

24க்கு பதில் 18 வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று பலர் நினைக்கிறார்கள். அறை 29 டிகிரியில் கொதிக்கும்போது எந்த எண்ணை வைத்தாலும் வால்வு கொஞ்ச நேரத்தில் முழுக்கத் திறந்துவிடும். அதற்கு மேல் திறக்க இடமில்லை, வரும் காற்றும் அதே 13 டிகிரிதான். 18 வைத்தால் நிற்க வேண்டிய இடத்தில் அது நிற்காது, அவ்வளவுதான். வீட்டு ஏசியிலும் இதே மாதிரித்தான். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பான பிஇஇ சொல்கிறது. 2020 முதல் நட்சத்திரக் குறியீடு உள்ள ரூம் ஏசிகள் 24 டிகிரியில் துவங்கும்படி வைத்ததும் இதற்காகத்தான்.

சரி, உங்கள் ஆபீஸ் விஷயத்துக்கு வருகிறேன். கன்ட்ரோலருக்கு அறை தெரியாது, அந்த மிளகு சொல்வது மட்டும்தான் தெரியும். அறைக்கு இத்தனை ஆட்கள், எந்த ஜன்னலில் வெயில், யார் டிஃப்யூசருக்கு (கூரையில் காற்று வரும் வாய்) நேர் கீழே உட்கார்ந்திருக்கிறார் என்பதெல்லாம் அதற்குப் போய்ச் சேராது.

ஓஎம்ஆர் பக்கம் ஒரு கட்டடத்தில் நான்காவது மாடி. பாதித் தளத்துக்கு ஒரே ஏஎச்யூ, ஒரே தெர்மோஸ்டாட். மேற்குச் சுவரை ஒட்டின தூணில் மாட்டியிருந்தார்கள். மத்தியானம் இரண்டு மணி ஆனால் அதில் 27 என்று காட்டும், யாராவது வந்து செட் பாயின்ட்டை (வைக்கும் எண்ணை) இறக்குவார்கள், 16 வரை போயிருந்தது. வால்வு நாள் முழுக்க 100 சதவீதத்தில். உள்ளே நாற்பது பேர் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மா மடியில் சால்வை போட்டு, மேலே டிஃப்யூசரை அட்டையால் ஒட்டி மூடியிருந்தார். (தயவு செய்து இதைச் செய்யாதீர்கள், அடைத்த காற்று பக்கத்து ஆள் தலையில்தான் இறங்கும்.) மூன்று மாதத்தில் சென்சாரை ஒருமுறையும் வால்வைத் திருப்பும் ஆக்சுவேட்டரை ஒருமுறையும் மாற்றியிருந்தார்கள். பலனில்லை.

நான் போனபோது பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றி, பின்னால் ஒயர் வருகிற கான்ட்யூட் பைப் வாயில் விரலை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாகக் காற்று வந்துகொண்டிருந்தது. வெயில் காய்ந்த வெளிச்சுவருக்குள்ளிருந்து பைப் வழியாக வரும் அனல் நேராக சென்சாரின் முதுகில் அடித்திருக்கிறது. கொஞ்சம் புட்டியை உருட்டி பைப் வாயை அடைத்துவிட்டுப் பெட்டியைத் திரும்ப மாட்டினேன். இருபது நிமிடத்தில் 27 காட்டியது 22க்கு வந்தது. அறை அதுவரைக்கும் 22லேயேதான் இருந்திருக்கிறது! செட் பாயின்ட்டை 24க்கு ஏற்றினோம், வால்வு பாதிக்குக் கீழே இறங்கியது. அந்த அம்மா அன்றைக்கே அட்டையைப் பிரித்துவிட்டார். அதிலிருந்து எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் பைப் வாயைத்தான் தொட்டுப் பார்க்கிறேன்.

இதே மாதிரி ஜெராக்ஸ் மிஷின், வாட்டர் டிஸ்பென்சர் இரண்டையும் தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். டிஸ்பென்சரின் பின்பக்கம் எப்போதும் சூடு கிளம்பிக்கொண்டே இருக்கும். உங்கள் ஆபீஸில் அப்படி ஏதாவது இருந்தால் முதலில் அதை நகர்த்துங்கள்.

ஜன்னல் பக்கம் புழுங்குவதற்குக் காரணம் வேறு. கண்ணாடி வழியாக வரும் வெயில் நேராக உடம்பில் படுகிறது, காற்று 24 டிகிரியில் இருந்தாலும் சூடாகத்தான் தெரியும். ஒரே வால்வை வைத்து ஜன்னலையும் நடுவையும் ஒன்றாகத் திருப்திப்படுத்த முடியாது. ஒவ்வொரு பகுதிக்கும் தனி டேம்பரும் (காற்றைக் கூட்டிக் குறைக்கும் தகடு) சென்சாரும் உள்ள விஏவி பெட்டி போட்டிருந்தால் தப்பிக்கலாம். இல்லையென்றால் ஜன்னலுக்கு ப்ளைண்ட் போடச் சொல்லுங்கள், 18 வைப்பதைவிட அது உதவும்.

அப்புறம், சும்மா மாட்டியிருக்கிறதா என்று கேட்டீர்கள் அல்லவா? அமெரிக்காவின் விஸ்கான்சினில் வாரன் ஜான்சன் என்ற ஆசிரியரின் பள்ளியில், பணியாள் வகுப்புகளுக்குள் நுழைந்து வெப்பம் பார்த்துவிட்டு, கீழ்த்தளத்துக்குப் போய் டேம்பரைத் திருப்புவாராம். பாடம் கெடுகிறதே என்று ஜான்சன் செய்த மின் தெர்மோஸ்டாட்டுக்கு 1883ல் காப்புரிமை கிடைத்தது. வெப்பம் மாறினால் கீழ்த்தளத்தில் மணி அடிக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. டேம்பரைத் திருப்பியது அந்த மனிதர்தான்.

இன்றைக்கும் மணி தப்பாக அடிக்கிறதா என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும். ஒரு சாதாரண தெர்மாமீட்டர் வாங்கி தெர்மோஸ்டாட்டுக்குப் பக்கத்தில், சுவரில் ஒட்டாமல் அரை மணி நேரம் தொங்கவிடுங்கள். "குளிருது" என்று மட்டும் புகார் எழுதினால் நாங்கள் செட் பாயின்ட்டை மாற்றிவிட்டுப் போய்விடுவோம். "மேற்கு மூலை, மூன்று மணி, பெட்டியில் 27, தெர்மாமீட்டரில் 23" என்று எழுதுங்கள். வருகிறவர் ஸ்க்ரூடிரைவரோடு வருவார்.