அந்த 14 லட்சம் எதுக்குன்னு அவன்கிட்ட கேளு

தம்பி, மார்த்தாண்டத்துல ஒருத்தன் கனடா ஹோட்டல் வேலைக்கு எல்எம்ஐஏ ரெடியா இருக்கு, 14 லட்சம் தந்தா வொர்க் பெர்மிட், ரெண்டு வருசத்துல பிஆர், அதான் நிரந்தரமா தங்குற அனுமதி, கிடைக்கும்னு சொல்லுகான், நம்பலாமா, குளிரும் சாப்பாடும் எப்படின்னு கேட்டிருக்க. குளிர் பழகிரும், ஜாக்கெட் இங்க வந்து வாங்கிக்கோ. மரச்சீனிக் கிழங்கு கூட பிலிப்பினோ கடையில ஐஸ்ல வச்சது கிடைக்கும். எனக்கு அந்த 14 லட்சத்தைப் பத்திதான் பேசணும், வாசிச்சதுல இருந்து மனசு கேக்கல.

எல்எம்ஐஏங்கிறது, இந்த வேலைக்கு உள்ளூர்ல ஆள் கிடைக்கல, வெளிநாட்டுல இருந்து எடுக்கேன்னு முதலாளி கவர்மென்ட்கிட்ட வாங்குற அனுமதி. ஒரு ஆளுக்கு 1,000 கனடா டாலர் பீஸ், அதை முதலாளிதான் கட்டணும், உன்கிட்ட திருப்பி வாங்கக் கூடாது, சம்பளத்துல பிடிக்கவும் கூடாது, சட்டமே அப்படித்தான். குறைஞ்ச சம்பள வேலைன்னா நீ வந்து போற டிக்கெட்டும் அவன் பொறுப்பு. உன் பங்குக்கு பெர்மிட்டுக்கு 155, கைரேகை, போட்டோ எடுக்குற பயோமெட்ரிக்குக்கு 85, ஆக கவர்மென்ட் பீஸ் 240 டாலர்தான். நம்ம நாட்டுச் சட்டப்படி ரெஜிஸ்டர் பண்ணுன ஏஜென்ட்டே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தாண்டி வாங்கக் கூடாது. பிஆர் கதையையும் நம்பாத, பிஆருக்கு பாயின்ட் போட்டு ஆள் எடுக்குற எக்ஸ்பிரஸ் என்ட்ரில வேலை ஆஃபருக்குத் தந்துட்டு இருந்த 50 இல்லன்னா 200 பாயின்ட்டை 2025 மார்ச் 25-லயே எடுத்தாச்சு.

நான் வந்தது 2012. அப்ப இதுக்கு எல்எம்ஓன்னு பேரு, முதலாளிக்கு பீஸே கிடையாது, ஆனா என்கிட்ட 6 லட்சம் வாங்கினாங்க. அம்மைக்க நகையும் குலசேகரத்துல கிடந்த 20 சென்ட் ரப்பரும் அதுல போச்சு. சஸ்காச்சுவான்ல ஒரு சின்ன ஊரு, ஹோட்டல் கிச்சன், பேஸ்மென்ட்ல ஆறு பேர், முதலாளி தமிழ் பேசுற ஆளு, வந்த அன்னைக்கே பாஸ்போர்ட்டை வாங்கி உள்ள வச்சுட்டான். ரெண்டு வாரத்துக்கு ஒருக்க செக் தருவான், நான் பேங்குல போட்டு 300 டாலர் எடுத்து அவன்கிட்டயே திருப்பிக் குடுக்கணும், வெங்காய மூட்டைக்குப் பக்கத்துல நின்னு விரலை நாக்குல தொட்டு எண்ணுவான், நான் முடியுற வரைக்கும் பாத்துட்டு நிப்பேன். பெர்மிட்ல அவன் ஹோட்டல் பேரு இருக்கு, வேற இடத்துல ஒரு நாள் வேலை செஞ்சாலும் தப்பு. இப்ப கொடுமை அனுபவிக்கிறவங்களுக்குன்னு 2019-ல இருந்து தனியா ஓப்பன் பெர்மிட், அதான் வேற முதலாளிகிட்டயும் வேலை செய்யுற பெர்மிட், தர்றாங்க, அன்னைக்கு எங்களுக்கு அது இல்ல. அம்மை போன்ல "மோனே, வயிறு நிறைய சாப்பிட்டியா"ன்னு கேட்டா ஆமாம்பேன்.

எனக்கு ஆறாத விசயம், இந்த எல்எம்ஐஏ பேப்பரை விக்கிறதெல்லாம் நமக்கு முன்னால வந்த நம்ம ஆளுங்கதான். அவங்களும் அழுதவங்கதான், அது தெரிஞ்சும் விக்காங்க. கல்ஃப்ல இருந்து வர்றவங்க விசான்னா காசு குடுத்துத்தான் வாங்கணும்னு பழகிட்டாங்க, அவங்ககிட்ட சொன்னாலும் ஏறாது.

நான் லைப்ரரில உக்காந்து இங்கிலீஷ் படிச்சேன், கனடா முழுக்க செல்லுற ரெட் சீல் குக் பரீட்சை எழுதி பாஸாயிட்டேன், மைனஸ் 35-ல இன்ஜின் உறையாம இருக்க ராத்திரி காருக்கு கரன்ட் பிளக் மாட்டி வச்சு காலையில 5 மணிக்கு வேலைக்குப் போறேன். அம்மைக்க நகையைத் திருப்ப நாலு வருசம் ஆச்சு. ரப்பர் திரும்பல, அதுல இப்ப யாரோ வீடு கட்டியாச்சு.

எல்எம்ஐஏ கிடைச்ச கம்பெனிங்க லிஸ்ட்டை கனடா கவர்மென்டே போடுது. ஆஃபர் லெட்டர்ல உள்ள கம்பெனி பேரையும் ஊரையும் அனுப்பு மக்கா, நானே தேடி அங்க போன் போட்டுக் கேக்கேன். அதுவரைக்கும் வீட்டுப் பத்திரத்தை எங்கயும் கொண்டு அடகு வைக்காத, அட்வான்ஸ்னு ஒரு ரூபா கூட குடுக்காத.