இழை சேர்த்த அலுமினியம் சூட்டில் பலம் இழக்குமா?

டர்பனில் பொறியியல் படிக்கும் தம்பி கேட்டது: அலுமினியத்துக்குள் சிலிக்கன் கார்பைடு (பீங்கான் வகைக் கடினப் பொருள்) இழை வைத்தால் சூடு தாங்குமா? எந்தத் திசையில் இழுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது, தம்பி.

இழையின் நீளவாக்கில் இழுத்தால் பாரத்தின் பெரும்பகுதியை இழையே சுமக்கிறது. 300 டிகிரியில் அலுமினியம் தளர்ந்தாலும் இழைக்கு ஒன்றும் ஆகாது. பலம் கொஞ்சம்தான் குறையும். குறுக்கே இழுத்தால் கதை வேறு. அங்கே தாங்குவது அலுமினியமும், அது இழையோடு ஒட்டியிருக்கும் பரப்பும்தான். சூடு ஏற ஏறப் பலம் வேகமாக விழும்.

சூட்டைவிட, சூடேறி ஆறுவதுதான் எனக்குப் பெரிய கவலை. ஒரு மீட்டர் அலுமினியக் கம்பி 300 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 7 மில்லிமீட்டர் நீளும். அதே நீள இழை ஒன்றரை மில்லிமீட்டர் நீண்டால் அதிகம். இரண்டும் ஒட்டிக்கிடப்பதால், வார்த்து ஆறும்போதே உலோகம் இழுவிசையிலும் இழை அமுக்கத்திலும் மாட்டிக்கொள்கிறது. அப்புறம், இஞ்சின் பாகமாக வைத்தால், இஞ்சின் ஓடி நிற்கும் ஒவ்வொரு முறையும் ஒட்டும் பரப்பு அலைக்கழிகிறது. நுண்விரிசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

கார்பன் இழை என்றால் இன்னொரு சிக்கல். சுமார் 500 டிகிரி தாண்டினால் அலுமினியத்தோடு வினைபுரிந்து அலுமினியம் கார்பைடு உண்டாகும். எளிதில் நொறுங்கும் பொருள் அது. ஈரம் பட்டால் சிதையும். டர்பன் மாதிரிக் கடலோர ஊருக்கு ஆகவே ஆகாது. மேல்பூச்சு இல்லாத கார்பன் இழையைத் தொடாதீர்கள்.

சரி, ஆய்வகத்தில் குறுக்குவாட்டு மாதிரியையும் வெட்டி, பல முறை சூடேற்றி ஆறவைத்த பிறகு சோதியுங்கள். நீளவாக்கு எண்ணை மட்டும் நம்பி எந்த உதிரிபாகத்தையும் வடிவமைக்க வேண்டாம்.